கொண்டைக்குக் கட்டிய வட்டி

மரக் கடைசல்காரர் தன் மைத்துனருக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. வட்டி இல்லாத கடன்போல ஆளைத் தின்கிற கடன் வேறு கிடையாது என்பது வாங்கியவனுக்குத்தான் தெரியும். வட்டிக்காரன் மாதம் ஒருமுறை வருவான், வாங்குவான், போவான். உங்கள் உளியைப் பற்றியோ உங்கள் மூடியைப் பற்றியோ அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. மைத்துனர் அப்படியா? ஞாயிறுதோறும் வந்தார். வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து அபிப்பிராயம் சொன்னார்.

கடன்பட்டவர் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கண்டவரிடம் கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. யார் யாரை விட்டது என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்பார். பிறகு கட்டில் கால் கடைந்தார், மேஜைக் கால் கடைந்தார், நாற்காலிக் கால் கடைந்தார். "யார் காலையும் பிடிக்காம, கால் கடைஞ்சே முன்னுக்கு வந்தவன் நான்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. கேட்காத காதும் அந்தத் தெருவில் இல்லை. இரும்புக் கட்டில் வந்து மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, இவர் உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட அலங்கார மரச்செப்புகளைக் கடைந்து பரிசுக் கடைகளுக்குக் கொடுத்து, கட்டில் காலில் கண்டதைவிட அதிகமாகக் காசு பார்த்தார். அந்தச் செப்புக்குள் எதைப் போடுவது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. மேஜைமேல் பார்வையாக இருக்கும், அவ்வளவுதான்.

"செப்புன்னா மூடிதான். கீழ இருக்கறது மூடி உக்கார ஒரு சாக்கு" என்பது அவர் வேதம். மூடியின் விளிம்பை மயிரிழை மயிரிழையாகச் சீவுவார், பொருத்திப் பார்ப்பார், மறுபடி சீவுவார். கடைசியில் மூடியை இழுத்தால் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். கடைகளுக்குப் போனால் மூடியைப் பிடித்துத் தூக்குவார். செப்பும் கூடவே வரும். கல்லாவுக்கு மேலே பிடித்து உலுக்குவார். விழாது. "பாத்தீங்களா?" என்பார். பார்க்காமல் தப்ப முடியாது. இதனால் தெருவில் அவருக்கு 'இறுக்கமூடி' என்று பெயர். பாதிப் பேர் மூடியை நினைத்துச் சொன்னார்கள், பாதிப் பேர் அவருடைய பணப்பையை நினைத்துச் சொன்னார்கள். அவர் இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மூடியின் உச்சியில் ஒரு குமிழ் நிற்குமே, அதற்குப் பட்டறையில் கொண்டை என்று பெயர். வேறு மரத்தில், பெரும்பாலும் கறுத்த மரத்தில், தனியாகக் கடைந்து மூடியில் ஒட்டுவார்கள். இவருடைய கொண்டை குட்டையாக, மொட்டுபோல, இரண்டு விரலில் பிடிக்கிற அளவில் இருக்கும். அதற்கு மேல் ஒரு நெல் உயரம் கூட்டமாட்டார். ஊரே சொன்னாலும் கூட்டமாட்டார்.

ஆனால் கடைசல் இயந்திரத்தின் பழைய மோட்டார் ஒருநாள் கருகல் வாசனையோடு உயிரை விட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு வந்த சாவு அது. பெட்டியில் ஒன்றும் இல்லை.

"என் தம்பிகிட்ட கேக்கறேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம்."

"என் தம்பிதானே, வேத்து ஆளா?"

"வேத்து ஆளா இருந்தா பயமில்லடி."

கேட்டாள். தம்பி கொடுத்தார். அவர் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். நாலு பேர் இருக்கும்போது உறையை நீட்டி, "அத்தான், இதைக் கடனா நெனைக்காதீங்க" என்றார். கடனாக நினைக்காதே என்று சொல்லிக் கொடுக்கிறவனிடம், பின்னே எதுவாக நினைக்க வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசல்காரர் கேட்கவில்லை. புது மோட்டார் வந்தது. அடுத்த ஞாயிறு மைத்துனரும் வந்தார். அவருக்கு ஞாயிறு கடை விடுமுறை.

மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, மரத்தூளைக் கைக்குட்டையால் தட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்தார்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

கோபித்துக்கொள்கிற உரிமையைத்தான் நாற்பதாயிரத்துக்கு விற்றாயிற்றே. "சொல்லு மாப்ள."

"கொண்டை கொஞ்சம் குட்டையா இல்ல?"

"மூடியைத் தூக்க ரெண்டு விரலுக்கு இடம் வேணும். இருக்கு."

"தூக்கறதுக்கா வாங்கறாங்க? பாக்கறதுக்கு வாங்கறாங்க. எங்க கடையில திரைச்சீலைக் கம்பி முனையில குமிழ் மாட்டறோமே, பாத்திருக்கீங்களா? ஒரு உருண்டை, அது மேல ஒரு மொட்டு, அது மேல ஒரு ஊசி. ஒரு சாண் நீளம். வர்றவங்க திரையைப் பாக்கறதே இல்ல, குமிழைத்தான் பாக்கறாங்க."

"உன் குமிழ் படுத்துக்கிட்டு இருக்கு மாப்ள. என் கொண்டை நிக்கணும்."

"நிக்க வைக்கறதுதானே அத்தான் உங்க வேலை?"

இது முதல் ஞாயிறு. அடுத்த ஞாயிறு, "கழுத்துல உருண்டையா ஒரு மணி கூட்டிப் பாருங்களேன்." அதற்கடுத்த ஞாயிறு, "இடுப்பை இன்னும் ஒடுக்கலாம்." கம்பிக் குமிழ் விற்றவனுக்குக் கொண்டை தெரியும் என்றால், செருப்பு விற்றவனுக்கு நடனம் தெரிய வேண்டும். இதைச் சொல்ல நாக்கு நுனிவரை வரும். வந்ததை விழுங்கிக்கொண்டு, மைத்துனர் வாயைத் திறந்தால் மோட்டாரை வேகமாக ஓடவிடுவார். அந்த மோட்டாரும் மைத்துனர் பணத்தில் வந்ததுதான் என்பது அந்த இரைச்சலிலும் காதில் விழும்.

மைத்துனர் போனபிறகு மனைவியிடம் பாய்வார். "கடனைத் தீத்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த நாற்காலியைத் தூக்கித் தெருவுல போடறேன் பாரு. என் பட்டறையில கொண்டை எவ்வளவு உயரம்னு நான் சொல்லணும். திரை விக்கறவன் சொல்லக் கூடாது."

"தீத்துடுங்க. யாரு வேண்டாம்னா?" என்பாள் அவள். செப்புகளுக்கு மெழுகு தேய்த்து மெருகேற்றுவது அவள் வேலை. பேசும்போதும் கை நிற்காது.

தீர்க்கத்தான் முடியவில்லை. குட்டைக் கொண்டைச் செப்பு விற்றது, சாப்பிடுகிற அளவுக்கு விற்றது. கடன் தீர்க்கிற அளவுக்கு விற்கவில்லை.

ஒரு வாரம் பொறுமை போய்விட்டது. 'இவன் கேட்கிற கொண்டையைக் கடைந்து இவன் மூஞ்சிக்கு நேரே வைக்கிறேன். அசிங்கத்தைக் கண்ணால் பார்த்தாலாவது வாயை மூடுவான்' என்று உட்கார்ந்தார். உயரமான கொண்டையை முனையிலிருந்துதான் கடைய வேண்டும். ஊசி முனையை முடித்து, மொட்டுக்கு வந்து, மணிக்கு வந்து, கடைசியாகக் கழுத்து. பின்னால் கட்டை தடிமனாக இருக்கும்வரைதான் முன்னால் இருப்பது ஆடாமல் நிற்கும். கழுத்தை மெலித்தபிறகு முனையைத் திருத்தலாம் என்று உளியைக் கொண்டுபோனால், முனை சன்னல் வழியாகப் போய்விடும். கோபத்தில் கடைந்தாலும் கை தப்பவில்லை. கீழே கட்டைவிரல் உயரச் செப்பு, அதன் தலையில் அதைப்போல ஒன்றரை மடங்கு கொண்டை. பார்த்தால், குள்ளமான அதிகாரி ஒருவர் எல்லோருக்கும் தெரியவேண்டுமென்று நெட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. கடைசல்காரருக்குப் பரம திருப்தி. இதைவிடக் கேவலமாக யாராலும் செய்ய முடியாது.

ஞாயிறன்று மைத்துனர் அதைக் கையில் எடுத்தார். கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் அத்தான் நான் இத்தனை நாளா தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

கடைசல்காரர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, வழக்கமாகச் சரக்கு எடுக்கிற பரிசுக் கடைக்கார அம்மாள் உள்ளே வந்தார். குட்டைக் கொண்டைகளை வாங்கிப்போக வந்தவர், அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஐயோ, என்ன அழகு! இது யாரு யோசனை?"

"என்னுது" என்றார் மைத்துனர், மின்னல்போல.

ஒரு நிறுவனம் தன் பெரிய மனிதர்களுக்கு மூன்று தவணையாக விருந்து வைத்துப் பரிசு கொடுக்கப்போகிறதாம். அறுபது செப்பு வேண்டும். விலை, குட்டைக் கொண்டைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. கடைசல்காரர் மனதுக்குள் பெருக்கினார். நாலாம் வகுப்புக்கு அந்தக் கணக்கு எட்டாததா? கடன் முழுசாகத் தீர்ந்து, கையில் கொஞ்சம் மிச்சமும் நிற்கும். அசிங்கம் என்ற சொல்லை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"செஞ்சுடலாம்" என்றார்.

செய்தார். அவனுடைய கொண்டையைக் கடைந்து அவனுடைய கடனையே அடைக்கிறோம் என்று நினைக்கும்போது வயிறு எரியும். நாலைந்து கொண்டைக்கு ஒன்று கடையும்போதே ஒடிந்தது. மைத்துனரோ திரை வாங்க வந்தவர்களுக்கெல்லாம், "நமக்கு டிசைன் வேலையும் உண்டு. கடைசல் மட்டும் எங்க அத்தான் பாத்துக்கறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் மூடி மட்டும் கடைசல்காரருடையது. அதில் விட்டுக்கொடுப்பாரா? ஒவ்வொரு மூடியையும் முன்னைவிட இறுக்கமாகப் போட்டார். கொண்டை எவனுடையதாகவோ இருக்கட்டும், திறக்கும்போது 'ப்ளக்' என்று தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

முதல் இருபது செப்பு போனது. அந்த வாரக் கடைசியிலேயே பரிசுக் கடைக்கார அம்மாள் ஒரு பையோடு வந்து, வேலை மேஜைமேல் அதைக் கவிழ்த்தார். கறுப்புக் கறுப்பாகக் கொண்டைகள் உருண்டன. எல்லாம் கழுத்தொடிந்தவை. எல்லாம் ஒரே இடத்தில்.

"என்னங்க இது? முதல் விருந்துல எல்லாரும் ஆசையா கொண்டையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. மூடி வரல. இன்னும் இழுத்திருக்காங்க. கொண்டை வந்துடுச்சு. தலைவரு மேடையில நின்னு, திறந்து காட்டறேன்னு சொல்லிட்டு, கையில கொண்டையோட நிக்கறாராம். ஜனங்க என்ன பண்றதுன்னு தெரியாம கைதட்டியிருக்காங்க."

அன்று ஞாயிறு. மைத்துனரும் இருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், இது ஆகாத உயரம்னு" என்றார் கடைசல்காரர்.

"உயரம் என்ன பண்ணும் அத்தான்? மூடியை வெல்டிங் வெச்ச மாதிரி மாட்டியிருக்கீங்க. பூட்டு இல்லாமலே பூட்டிட்டீங்க."

"என் மூடி முப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு!"

"அப்ப கொண்டை குட்டை. கையில பிடிச்சு நெம்பித் தூக்கினாங்க. இப்ப தூக்க முடியுமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"நானும் அதைத்தான் சொல்றேன்!"

மெழுகுத் துணியைக் கீழே போட்டாள் மனைவி. "போதும் ரெண்டு பேரும். உங்க மூடி விடாது, இவன் கொண்டை தாங்காது. நடுவுல ஒடியறது என் கழுத்து."

கடைக்கார அம்மாள் பேச்சை முடித்தார். கொண்டை இதே உயரம் வேண்டும், படத்தோடு விளம்பரம் போயாயிற்று. மூடி கையோடு வரவேண்டும். ஒடிந்ததற்கெல்லாம் மாற்றுக் கொடுத்து, மீதி நாற்பதையும் மாதக் கடைசிக்குள் கொடுத்தால் பணம். இல்லையென்றால் போன இருபதும் திரும்பி வரும்.

கடைசல்காரர் தலையில் இடி விழுந்தது. தளர்ந்த மூடி போடுகிறவனை அவர் எப்படியெல்லாம் பேசியிருக்கிறார்! "தொளதொள மூடி போடறவன் கடைசல்காரன் இல்ல, சட்டி விக்கறவன்" என்று தொழில்காரர்கள் கூடிய இடத்தில் சொல்லி, ஒருவரோடு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிருக்கிறார். அதனால் முதலில் மூடியைத் தொடவில்லை. கொண்டையின் கழுத்தைத் தடிமனாக்கிப் பார்த்தார். ஒடியவில்லை. ஆனால் கொக்குக்குக் கழுத்தில் கட்டி வந்ததுபோல இருந்தது. கடைக்கார அம்மாள் தொலைவிலிருந்தே கையை ஆட்டிவிட்டார்.

"மூடியைத்தான் தளர்த்துங்களேன் அத்தான்" என்றார் மைத்துனர்.

எப்போதும் தப்பாகவே பேசுகிறவன் ஒரே ஒரு தடவை சரியாகப் பேசிவிட்டால், அதைப்போலத் துரோகம் வேறில்லை. கடைசல்காரர் வெளியே போய், தெருமுனைவரை நடந்து, திரும்பி வந்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு மூடியை எடுத்து இயந்திரத்தில் மாட்டினார். திருடப்போகிறவன்போல ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். விளிம்பில் ஒரு மயிரிழை எடுத்தார். பொருத்தினார். இன்னும் பிடித்தது. இன்னொரு மயிரிழை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒன்று. செப்பின் வாயில் மூடியை வைத்துக் கையை எடுத்தார். மூடி பிடிக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. உள்ளே இருந்த காற்று ஓரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, பஞ்சு மெத்தையில் உட்காருகிற செல்வந்தர்போல, தானாக, சாவகாசமாக இறங்கி உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

அவர் மூடியை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். மனைவி திரும்பி வந்தபோது இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"இறங்கு மூடி. நான் கண்டுபிடிச்சது" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "கத்துக்குட்டிங்க வேணா சத்தம் வர மூடி போடட்டும். கை தேர்ந்தவன் மூடிக்குச் சத்தம் எதுக்கு?"

முப்பது வருஷ வேதத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேதத்தை மாட்டிக்கொள்ள அவருக்கு ஒரு பகல்தான் பிடித்தது. படித்தவர்கள் இதற்கு மாநாடு கூட்டுவார்கள். அவள் மூடியைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள்.

அறுபதும் போய்ச் சேர்ந்தது. ஒரு கொண்டைகூட ஒடியவில்லை. கடைக்கார அம்மாள் மூடி இறங்குவதைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார், முழுப் பணத்தையும் கொடுத்தார். கடைசல்காரர் நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து, மேலங்கிப் பையில் வைத்து, மைத்துனரைத் தேடிக் கிளம்பினார்.

அப்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. மைத்துனர் வாங்க மாட்டேன் என்றார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவு பெருந்தன்மை அவரிடம் கிடையாது. "என்ன அத்தான் அவசரம்? ஓடியா போயிடுவேன்?" என்றார். உண்மையாகவே ஓடினார். கடைக்குப் போனால், "இங்க வேண்டாம், கடை வரவுல கலந்துடும்" என்றார். வீட்டுக்குப் போனால், அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, குளிக்கிறார் என்றாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் மடக்கினால், இரண்டு கையிலும் திரைக் கம்பிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கை ஒழியலயே அத்தான்" என்றார். கடன் வாங்கியவன் கொடுத்தவனைக் கண்டு ஒளிவது உலகத்து வழக்கம். இங்கே கொடுத்தவன் ஒளிந்தான், வாங்கியவன் துரத்தினான். பார்த்தவர்கள் கடைசல்காரர்தான் கடன் கொடுத்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். அது அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஆனால் ஞாயிறன்று மைத்துனர் தவறாமல் வந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்தது கொண்டைக்கு மேல ஒரு சின்னக் கொண்டை வெச்சுப் பாக்கலாமா?" என்பார். கடைசல்காரரின் கை மேலங்கிப் பைக்குள் போனால், உடனே கையைக் கட்டிக்கொள்வார். பிறந்ததிலிருந்து யார் முன்னாலும் கைகட்டாத மனிதருக்கு அப்படி ஒரு பணிவு வந்துவிட்டது.

"ஏன்டி வாங்க மாட்டேங்கறான்?"

"இது தெரியலயா?" என்றாள் மனைவி. "பணத்தை வாங்கிட்டா அவனுக்கு இங்க என்ன வேலை? கடையில அவன் பேச்சை யாரு கேக்கறா? வீட்டுல யாரு கேக்கறா? நாற்பதாயிரம் குடுத்து ரெண்டு காது வாங்கி வெச்சிருக்கான். விடுவானா?"

"நீயே கொண்டுபோய்க் குடேன்."

"ஒரு தடவை என் கழுத்து ஒடிஞ்சது போதும்."

அடுத்த ஞாயிறு மைத்துனர் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. கடைசல்காரர் மோட்டாரை நிறுத்தினார். எதையோ கைக்குள் மூடிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். முகத்தில் அவருக்குப் பழக்கமில்லாத ஒரு சந்தேகத்தை வரவழைத்துக்கொண்டார்.

"மாப்ள, இந்தக் கழுத்து சரியா வந்திருக்கான்னு எனக்கே தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்."

இத்தனை ஞாயிறுகளில் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிச் சொல்லி மைத்துனருக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. இப்போது கேட்டேவிட்டார். கட்டிய கை தானாக அவிழ்ந்தது. கால்மேல் போட்ட கால் இறங்கியது.

"குடுங்க, பாத்துடுவோம்" என்று உள்ளங்கையை அகல விரித்து நீட்டினார்.

கடைசல்காரர் இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். உளி பிடித்துக் காய்த்த கை. அதிலிருந்து உருவிக்கொண்டு போக யாராலும் முடியாது. மூடியிருந்த வலது கையைத் திறந்தார். உள்ளே கொண்டை இல்லை, மடித்த தாள்கள் இருந்தன.

"ஒண்ணு" என்று ஓர் ஆயிரத்தை உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டு."

"அத்தான், கொண்டை எங்க?"

"கையை ஆட்டாத. மூணு."

மனைவி மெழுகுத் துணியோடு உள்கதவுக்கு வந்து நின்றாள். "நல்லா விரிச்சுப் பிடிடா" என்றாள் தம்பியிடம். "கீழ விழுந்தா மறுபடி முதல்லேர்ந்து எண்ணுவாரு."

"இதுக்கு இப்ப என்னக்கா அவசரம்..."

"பதினொண்ணு. பன்னெண்டு."

"உயரம் என் யோசனைதானே அத்தான்? அதையாவது ஒத்துக்கோங்க."

"பதினெட்டு."

"மூடியைத் தளர்த்தச் சொன்னதும் நான்தான்."

கடைசல்காரரின் விரல் ஒரு நொடி நின்றது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பது" என்றார்.

மைத்துனர் உள்ளங்கையில் தாள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, பாதி எழுந்தும் எழாமலும், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொன்பதாவது தாளும் நாற்பதாவது தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசல்காரர் விரலை நாக்கில் தொட்டு, பொறுமையாகப் பிரித்து, ஒன்றை வைத்தார். பிறகு மற்றதை வைத்து, அது பறக்காமல் இருக்கக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"நாப்பது."